எதிரே நிற்க ஒரு பகையாளி

என் தங்கை புருஷன் ஆரோக்கியசாமிக்கு ஒரு பகையாளி தேவைப்பட்டது. ஊரில் மற்றவர்களெல்லாம் பகை தீர வேண்டுமென்று அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பகையாளியைத் தேடி அலைந்தார். முதலில் நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என்னையும் அதில் இழுத்துவிட்டார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நடந்தது இது. நாமக்கல்லில் கிளம்பி ராசிபுரம், சேலம், அயோத்தியாப்பட்டணம் வழியாக வாழப்பாடி போகும் ஒரு பஸ்ஸில் நான் டிரைவர், மாப்பிள்ளை கண்டக்டர். எங்கள் இரண்டு வீடும் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரே சந்தில் இருந்தன. காலையில் வாசலில் அவர் முகம், பகல் முழுக்கக் கண்ணாடியில் அவர் முகம், ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் பக்கத்தில் அவர் முகம். மனிதனுக்கு எரிச்சல் வருமா வராதா? ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த ரூட்டில் அவரைப் போல ஒரு கண்டக்டர் கிடையாது.

அவர் சிலம்பக்காரர். ஆனால் பஸ்ஸில் அவர் கையை ஓங்கி நான் பார்த்ததே இல்லை. சந்தை நாளில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால், மாப்பிள்ளை கத்த மாட்டார், விசில் ஊத மாட்டார். நடுவே புகுந்து, எவன் முதலில் அடிக்கப் போகிறானோ அவன் முழங்கையில் இரண்டு விரலை வைப்பார். அந்தக் கை தானாக இறங்கிவிடும். எப்படி அவன்தான் அடிப்பான் என்று தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"கையப் பாக்கக் கூடாது மச்சான். கை எழும்பறதுக்கு முந்தி தோளு எழும்பும். அதுக்கு முந்தி மூச்சு நிக்கும்" என்றார்.

"நீ டிக்கெட்டக் கிழி. மூச்ச அப்புறம் எண்ணிக்கலாம்" என்றேன். பின்னே, பஸ்ஸில் பாதிப் பேர் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருந்தால்?

இன்னொரு தொல்லை மூங்கில். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொல்லிமலை மூங்கில் வந்து இறங்கிவிட்டால் பஸ் நிற்க வேண்டும். ஒவ்வொரு கழியையும் நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். இது விரிசல், இது இளசு, இது பூச்சி என்று தள்ளித் தள்ளி, கடைசியில் ஒன்றும் வாங்காமல் வந்து ஏறுவார். பயணிகள் என்னைத்தான் திட்டுவார்கள். யாருக்காவது படியில் இறங்கும்போது கால் பிசகிவிட்டால் அதற்கும் பஸ் நிற்கும். ஊர்ப்பேச்சைப் பேசிக்கொண்டே காலை ஒரு சுழற்று சுழற்றுவார். அம்மா என்று அலறுகிற பெண்பிள்ளை அடுத்த நிமிஷம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள்.

எங்கள் பங்கில் ஒரு சிலம்பக் கூடம் இருந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் மணல் கொட்டிய ஒரு திடல், அவ்வளவுதான். கல்லுடைக்கிறவர்கள், தறிக்காரர்கள் என்று இளவட்டங்கள் திமுதிமுவென்று சேர்ந்துகொண்டிருந்த நேரம். அவர்களுக்கு வாத்தியாராக இருந்தவர் காலமாகிவிட்டார். கேட்பாரில்லாமல் போகவே, தெரிந்த இரண்டு வீச்சை வைத்துக்கொண்டு பயல்கள் தெருவில் கம்பைத் தூக்க ஆரம்பித்தார்கள். மாதா திருநாளன்று ஒருவன் மண்டை பிளந்தது. பங்குச் சாமியார் திடலுக்கு வந்து, "உருமாக் கட்டின வாத்தியார் ஒருத்தர் வரட்டும். இல்லாட்டி ஈஸ்டர் நோம்பு முடிஞ்ச கையோட இதைப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உருமா என்பது தலையில் கட்டும் சிவப்புத் துணிதான். ஆனால் கடையில் வாங்கி யாரும் கட்டிக்கொள்ள முடியாது. மூத்த வாத்தியார்கள் மூன்று பேர் கூடி உட்கார்ந்து, சோதித்துப் பார்த்துக் கட்ட வேண்டும். அது இல்லாதவன் ஆயுசு முழுக்கக் கம்பு சுற்றலாம், ஆனால் ஒருவனுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது. மாப்பிள்ளை அதுவரைக்கும் அதைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து செங்கோட வாத்தியாரும், இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்து எங்கள் திடலில் உட்கார்ந்தார்கள்.

காலடி வைத்துக் காட்டினார். வணக்கம் சொல்லும் சலாம் வரிசை போட்டார். இரண்டு பேர் எதிரே வந்து தங்கள் கம்பால் அவர் கம்பைப் பூட்ட, பூட்டை உடைத்து வெளியே வந்தார். அதெல்லாம் மாப்பிள்ளைக்கு மோர் குடிக்கிற மாதிரி. கடைசிச் சோதனைதான் வில்லங்கம். கம்பு நுனியில் துணி சுற்றி, கரைத்த சுண்ணாம்பில் தோய்க்க வேண்டும். எதிரே ஒரு ஆள் வெற்று உடம்போடு, கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பான். முழு வேகத்தில் கம்பைச் சுற்றி வந்து அவன் வலது தோளில், நெஞ்சில், முதுகில், இடது தோளில் ஒவ்வொரு பொட்டு வைக்க வேண்டும். அடி விழக் கூடாது. பொட்டு மட்டும் விழ வேண்டும். நிற்கிறவன் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் தோல்வி.

"நிக்கறதுக்கு ஆளு எங்கீங்க?" என்று கேட்டார் செங்கோட வாத்தியார். "சிநேகிதன் நிக்கக் கூடாது, சிஷ்யன் நிக்கக் கூடாது. உங்களோட பகையாளி ஒருத்தர்தான் நிக்கோணும். பகையாளியே பயமில்லாம நிக்கறானா, அவந்தானுங்க வாத்தியாரு."

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். என் காதில் மெதுவாக, "மச்சான், எம்மேல கோவமா இருக்கற மாதிரி நில்லு" என்றார்.

"மாதிரி என்னடா மாதிரி, கோவமாத்தான் இருக்கேன்" என்று சட்டையைக் கழற்றினேன்.

செங்கோட வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க டிரைவரு, என்ன பகைங்க உங்களுக்குள்ள?"

"எந் தங்கச்சி கல்யாணத்துல எனக்கு எடுத்த வேட்டி ரெண்டாந்தரம். பந்தியிலயும் என்னைய ரெண்டாவதாத்தான் உக்கார வெச்சாங்க" என்றேன். உண்மையும் அதுதான்.

திடலே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். "அதுக்குப் பேரு பகை இல்லீங்க, ஒறவு. ஆரோக்கியசாமி, போயி நெசமான பகையாளியக் கூட்டியாங்க. அடுத்த மாசம் வாரோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் தங்கை இன்னாசிமேரி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "ஊரெல்லாம் நல்லவன்னு பேரெடுத்து என்ன பிரயோசனம்? ஒரு பகையாளிக்கு வக்கில்ல."

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஒருத்தர் இருக்காரு" என்றார்.

எனக்குத் தெரியும். அப்புசாமி.

அப்புசாமி ராசிபுரத்துப் பக்கம் விவசாயம் செய்பவர். நல்ல பூமி, நாலு ஜோடி மாடு. அவரும் ஒரு காலத்தில் கம்பு எடுத்தவர்தான். நாற்பத்தொன்பதில் அவர் ஊர் மாரியம்மன் பண்டிகையில் போட்டி வைத்தார்கள். என் மாப்பிள்ளை போய் நின்றார். அப்போது அவருக்கு மீசை முளைத்த திமிர். அப்புசாமி அவரை விளையாட்டாய்ப் புரட்டி எடுத்தார். கம்பு நுனியால் தொட்டார், திரும்பத் தொட்டார், கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நடுவர் "நிறுத்து" என்று சொன்னார். அப்புசாமி கம்பைத் தாழ்த்திவிட்டுக் கும்பிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அந்த நேரத்தில் என் மாப்பிள்ளை அடித்தார். இடது காதின் மேல் விழுந்தது. ரத்தம் கழுத்து வழியாக ஓடியது. அந்தக் காது அன்றோடு செவிடாயிற்று.

அப்புசாமி போலீசுக்குப் போகவில்லை. ஆள் வைத்து அடிக்கவும் இல்லை. கம்பைத் தூக்கிப் பரணில் போட்டார். சமாதானம் பேசப் பழம் வாங்கிக்கொண்டு போனவர்களைப் பழத்தோடு திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் ஒரு போட்டியிலும் நிற்கவில்லை. விடியற்காலை திடலில் தனியாகச் சுற்றுவார். ஒவ்வொரு வீச்சையும் முழு வேகத்தில் கொண்டுபோய் ஒரு முருங்கைக் கிளைக்கு முன்னால் நிறுத்துவார். இலை ஆடும், ஒன்றுகூட உதிராது. இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நான் திட்டியிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அப்புசாமி எங்கள் பஸ்ஸில்தான் வருவார். செவ்வாய்க்கிழமைதோறும் ராசிபுரத்தில் ஏறி, சேலம் சந்தையில் இறங்குவார். என்னோடு நாலு வார்த்தை பேசுவார். மாப்பிள்ளையோடு பேச்சே கிடையாது. சீட்டின் மேல் காசை வைப்பார், மாப்பிள்ளை காசை எடுத்துக்கொண்டு அங்கேயே டிக்கெட்டை வைப்பார். எப்போதும் இடது பக்க வரிசையில், ஜன்னலோரம்தான் உட்காருவார். அந்த இடம் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிடுவார். காற்று வாங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு அவர் ஊருக்குப் போனோம். வாசலில் அவர் மனைவி பாவாயி கடலைக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அப்புசாமி உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. நான்தான் விஷயத்தைச் சொன்னேன். உருமா, பொட்டு, பகையாளி, எல்லாவற்றையும் சொன்னேன்.

பாவாயி நான் சொல்வதைக் கேட்டு முடித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசினார். "ஏனுங்க, அவரு ஒத்தக் காதோட இருக்கறது பெரிசில்லீங்க. எடப்பக்கம் ஆரு வந்தாலும் தூக்கிப் போடுதுங்க அவருக்கு. சத்தம் கேக்காதில்லீங்களா, திடீர்னு ஆளு நிக்கறாப்பல இருக்குமாட்டம். போன வருசம் எம் மவ தண்ணி கொண்டுபோயி எடப்பக்கமா நீட்டுனா. யாரோ அடிக்க வாராங்கன்னு கைய வீசிட்டாருங்க. புள்ளைக்கு ஒதடு கிழிஞ்சு போச்சுங்க. அன்னிக்கி ஊட்டுக்குள்ள உக்காந்து அழுதாருங்க அந்த மனுசன். நானே பதனாலு பதனஞ்சு அடி தள்ளி வலப்பக்கமாச் சுத்திட்டுத்தான் போறனுங்க."

பஸ் ஜன்னலோரம் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடது பக்கம் பஸ்ஸின் தகடு இருந்தால் யாரும் வர முடியாது.

மாப்பிள்ளை சொம்பைக் கீழே வைத்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. சாத்தியிருந்த கதவைப் பார்த்து உரக்கச் சொன்னார். "உங்களக் கூப்பிடத்தான் வந்தேங்க. இப்பக் கூப்பிடல. நீங்க வர வேண்டாம். எனக்கு அந்தத் துணியும் வேண்டாம்."

கதவு திறக்கவில்லை. திரும்பி நடந்தோம். வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். "வந்த வேலையக் கெடுத்துட்டியே! கூடத்தப் பூட்டிருவாங்க. பசங்க தெருவுல மண்டைய ஒடச்சுக்குவாங்க."

"பூட்டட்டும் மச்சான். எங்க நிறுத்தணும்னு தெரியாதவன் சொல்லிக்குடுத்தா அப்படித்தான் ஒடையும். எனக்கு வீசத் தெரிஞ்சப்ப நிறுத்தத் தெரியல" என்றார்.

அடுத்த மாசம் பெரியவர்கள் மூவரும் வந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட மாப்பிள்ளை திடலுக்குப் போனார். கூட்டம் கூடியிருந்தது. சாமியாரும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கைகூப்பி வாயைத் திறக்கும்போது கூட்டம் விலகியது. தோளில் துண்டோடு அப்புசாமி வந்து நின்றார். பின்னால் பாவாயி.

"நாந்தானுங்க நிக்கறேன்" என்றார் செங்கோட வாத்தியாரிடம்.

"பகைங்களா?"

"ஆமாங்க. இவங்கூட நா பேசறதில்லீங்க. இனிமேட்டும் பேசற உத்தேசம் இல்லீங்க."

அப்படிப் போடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் துண்டை மடித்துப் பாவாயியிடம் கொடுத்தார். கண்ணைக் கட்டினார்கள். மாப்பிள்ளை கம்பைச் சுண்ணாம்பில் தோய்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்.

விர்ரென்று சத்தம் வந்தது. வலது தோளில் பொட்டு. சுற்றி வந்து நெஞ்சில் ஒன்று. பின்னால் போய் முதுகில் ஒன்று. அப்புசாமி அசையவில்லை. ஆனால் செங்கோட வாத்தியார் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போது உறைத்தது. மூன்று பொட்டுக்கும் மாப்பிள்ளை வலது பக்கத்திலிருந்தே வந்திருந்தார். அப்புசாமிக்குக் கேட்கிற காதின் பக்கம். கம்பு வருகிற சத்தம் அவருக்குத் தெரிய வேண்டுமென்று, சுற்ற வேண்டிய தூரத்தைவிட இரண்டு மடங்கு சுற்றியிருந்தார். நாலாவதற்கும் வலது பக்கமாகவே காலை வைத்தார்.

"அப்பிடி ஆவாதுங்க" என்று கையை உயர்த்தினார் செங்கோட வாத்தியார். "எடது தோளுக்கு எடப்பக்கமாத்தான் போவோணும். அது மொறை."

மாப்பிள்ளை கம்பை நிறுத்தித் தரையில் ஊன்றினார். "அந்தப் பக்கம் அவருக்குக் காது கேக்காதுங்க. நா வர்றது தெரியாது. தெரியாத பக்கத்துல ஒருவாட்டி அடிச்சது போதுங்க. தோத்துட்டேன்னே எழுதிக்கோங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்தேன். இன்னாசிமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது அப்புசாமி கண்கட்டோடேயே பேசினார். மாப்பிள்ளையிடம் அல்ல, பெரியவரிடம். "அந்தப் பக்கமே வரச் சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் அந்தப் பக்கம் கேக்காதுங்களே..." என்று இழுத்தார் பெரியவர்.

"எனக்காவத்தானுங்க நா வந்தேன். இவனுக்கு உருமாக் கட்டறதுக்கா வந்தேன்? அந்தப் பக்கத்துல என்ன இருக்குதுன்னு தெரியாம ஒம்பது வருசமாச் சாவறனுங்க. அடிச்சவனே வந்து நிக்கட்டும். அப்பவும் நா நிக்கறனான்னு பாக்கோணும். வரச் சொல்லுங்க."

பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார். மாப்பிள்ளை நடந்து இடது பக்கம் போனார். போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, "சுத்துடா!" என்று கத்திவிட்டேன். சாமியார் என்னை முறைத்தார்.

சுற்றினார். முழு வேகம். மெதுவாகச் சுற்றி ஏமாற்றியிருக்கலாம், செய்யவில்லை. கம்பே கண்ணுக்குத் தெரியவில்லை, வட்டம் மட்டும்தான் தெரிந்தது. அந்த வட்டம் அப்புசாமியின் கேளாத காதுக்குப் பக்கத்தில் வந்தது, தோளுக்கு இறங்கியது, நின்றது. மாப்பிள்ளை இரண்டடி பின்னால் வந்து கம்பைத் தாழ்த்தினார்.

அப்புசாமி அப்படியே நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, விரல்களை மடக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் கேட்டார்.

"எப்பங்க வருவான்?"

பாவாயிதான் கூட்டத்தைத் தாண்டிப் போனார். நேராக இடது பக்கமாகவே போனார். "வந்துட்டுப் போயாச்சுங்க" என்று அவர் கையை எடுத்து அவருடைய இடது தோளிலேயே வைத்தார். அப்புசாமி விரலால் தடவினார். ஈரச் சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. கண்கட்டை அவிழ்த்து விரலைப் பார்த்தார், பிறகு மனைவி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்தார். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

செங்கோட வாத்தியார் உருமாவைப் பிரித்து மாப்பிள்ளை தலையில் கட்டினார். காலில் விழப் போன மாப்பிள்ளையைத் தடுத்து, "எனக்கெதுக்குங்க, அங்க போங்க" என்றார். மாப்பிள்ளை திரும்புவதற்குள் அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன சொல் தவறாத ஆள்.

கூடம் பூட்டப்படவில்லை. மாப்பிள்ளை அங்கே இளவட்டங்களுக்கு முதல் மாதம் முழுக்க வீசவே கற்றுக்கொடுக்கவில்லையாம். நிறுத்த மட்டும்தானாம். பயல்கள் என்னிடம் வந்து புலம்பினார்கள். அனுபவியுங்கள் என்றேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ராசிபுரத்தில் அப்புசாமி ஏறினார். இடது வரிசை ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டி வந்தார். வலது வரிசையில், நடைபாதையை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தார். அவருடைய இடது பக்கம் திறந்து கிடந்தது. சந்தைக் கூட்டம் கூடையும் மூட்டையுமாக அந்தப் பக்கம் உரசிக்கொண்டு போனது. ஒவ்வொரு உரசலுக்கும் அவர் தோள் லேசாகத் துள்ளியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். மாப்பிள்ளை டிக்கெட் போட்டுக்கொண்டே வந்து, அவர் பக்கத்தில் வந்ததும் நின்றார். வலது பக்கம் போக வழியில்லை. இடது பக்கம்தான் நிற்க வேண்டும். அங்கேயே நின்றார். அப்புசாமி திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கையில் காசு இருந்தது. மாப்பிள்ளை காசை எடுத்துக்கொண்டு டிக்கெட்டை அந்தக் கையிலேயே வைத்தார்.